புயல்வானப் படங்களில் வானத்தையும் கமராவையும் பிரித்தறிதல்: திருகோணமலைக்கான முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்து இடிமழைக் காலம் தொடங்கியதும், திருகோணமலையில் மழைக்கு முன்பாகவே மழையின் படங்கள் கைபேசிகளுக்கு வந்துவிடுகின்றன. உப்புவெளிக் கடற்கரையின் மேல் கவிந்த கருமுகில், கிண்ணியாப் பாலத்திலிருந்து பிடித்த மின்னல், கொட்டியாரக் குடாவின் மேல் தொங்கும் ஏதோ ஒரு தூண் எனப் பலவும் வட்ஸ்அப் குழுக்களில் கைமாறுகின்றன. அவற்றுள் சில வானத்தில் உண்மையாகவே நிகழ்ந்தவை. வேறு சில வில்லையிலோ மென்பொருளிலோ பிறந்தவை. மூதூர்ப் பக்கம் படகு இறக்கக் காத்திருக்கும் ஒருவர் அத்தகைய படமொன்றைப் பார்த்துத் தம் பயணத்தைத் தீர்மானிக்கக்கூடும் என்பதால், இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை விரிவாக எழுதுவது பயனுள்ளது.

படத்தில் தெரியும் ஓர் உருவம் ஐந்து இடங்களுள் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும். அவை வானம், கமராவுக்கு அண்மையிலுள்ள காற்று, வில்லையும் அதன் முன்னுள்ள கண்ணாடியும், வில்லை தரும் ஒளியைப் பதிவுசெய்யும் ஒளியுணரி, மென்பொருள் ஆகியவையாகும். இவற்றைப் பிரிக்கும் அடிப்படை விதி எளிமையானது. வானத்தில் உள்ளது நிலக்காட்சியோடு ஒட்டி நிற்கும். கமராவுக்குள் பிறந்தது சட்டகத்தோடு, அதாவது படத்தின் விளிம்புகளோடு, ஒட்டி நிற்கும் அல்லது ஒளிமூலத்தைத் தொடர்ந்து இடம் மாறும். கமராவைச் சற்றே திருப்பி எடுத்த இரண்டாவது படம் ஒன்று கிடைத்தால் ஐயங்களில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். சிக்கல் என்னவென்றால், பரவும் படங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது படம் இருப்பதில்லை. கீழ்வரும் படிகளுட் பல அந்தக் குறையை ஈடுசெய்வதற்கானவை.

முதற்படி: மூலக் கோப்பைப் பெறுதல்

வட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பப்படும் படம் சுருக்கப்படுகிறது. அதனுள் கமரா எழுதிவைத்த எடுத்த நேரம், திறப்பு நேரம் (உணரியில் ஒளி விழவிட்ட நேரம்), உணர்திறன், குவியத் தூரம் முதலிய விபரங்களும் நீங்கிவிடுகின்றன. ஆகவே படத்தை எடுத்தவரிடம் அதை ஆவணமாக இணைத்து அனுப்பும்படி கேட்க வேண்டும். விபரங்களுள் முதலில் பார்க்க வேண்டியது நேரம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது இரவில். பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தை “புரெவி கரையைக் கடந்த கணம்” என்று எவரேனும் பகிர்ந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது, படம் வெட்டப்பட்டதா என்பது. வெட்டிய படத்தில் சட்டகத்தின் உண்மையான மையம் எங்கிருந்தது என்று தெரியாது. மூன்றாம் படியில் அந்த மையம் மிக முக்கியமாகும். திரையைப் படம்பிடித்த படத்தில் நெளியும் வரிக்கோலங்கள் தோன்றும். அவற்றை முகிலின் அலைகள் என்று வாசித்தவர்களும் உண்டு.

இரண்டாம் படி: திசையையும் ஒளி வரும் இடத்தையும் நிறுவுதல்

திருகோணமலையில் இது கடினமான வேலையன்று. சுவாமிமலையின் செங்குத்துப் பாறை, பிரெட்ரிக் கோட்டையின் மதில், துறைமுக வாயில், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் தெரியும் மூதூர்க் கரை, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு ஆகியவற்றுள் ஒன்றேனும் படத்தில் இருந்தால் கமரா எந்தத் திசையை நோக்கியது என்று வரைபடத்தில் குறித்துவிடலாம். சூரியன் இங்கே ஆனி மாதத்தில் வடக்கிலிருந்து சுமார் 66 பாகையிலும், மார்கழியில் சுமார் 114 பாகையிலும் உதிக்கிறது. அதாவது எப்போதும் கடற்பக்கத்தில்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமுகில்கள் பெரும்பாலும் மேற்கே, நிலப்பகுதியின் மேல் திரள்கின்றன. எனவே மாலையில் கடலை நோக்கி எடுக்கும் படத்தில் புயலும் சூரியனும் எடுத்தவரின் முதுகுப்புறத்தில் இருப்பது வழக்கம்.

இந்த அமைப்பு தவறான பல முடிவுகளுக்கு இடம் தருகிறது. மாலையில் கிழக்குக் கடலின் மேல், தொடுவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் நிறப் பட்டையொன்றும் அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டையொன்றும் தெரியும். கடலிலிருந்து கருமுகில் எழுவதாகப் பலர் எண்ணும் அந்தப் பட்டை பூமியின் நிழல். அதன் மேல்விளிம்பு நேராகவும் மென்மையாகவும் இருக்கும், உள்ளே முகிலின் திரட்சி எதுவும் இராது, சூரியன் மறைந்த பின் சீராக மேலெழுந்து சிறிது நேரத்தில் இருளில் கரைந்துவிடும். அது கமராவின் பிழையுமன்று, புயலுமன்று.

இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு. மேற்கேயுள்ள இடிமுகில்களின் உச்சிகள் எறியும் நிழல்கள் வானத்தைக் கடந்து, கிழக்கே கடலின் மேல் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் கதிர்களாகத் தெரிவதுண்டு. படத்தில் இவற்றைக் கண்டவுடன் “வில்லையில் விழுந்த ஒளி” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சூரியன் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது வில்லைக்குள் நேரடி ஒளி விழ வழியில்லை. ஆகவே அந்தக் கதிர்கள் வானத்துக்கு உரியவையே.

கோண அளவும் இங்கே உதவும். கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சூரியனையோ நிலவையோ சுற்றி, மெல்லிய உயர்முகிலின் பனிப்பளிங்குகளால் தோன்றும் வளையத்தின் ஆரை 22 பாகை. வானவில்லின் ஆரை, சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியிலிருந்து 42 பாகை. எனவே சூரியன் 42 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும்போது, சமதரையிலிருந்து எடுத்த படத்தின் வானத்தில் வானவில் இருக்க முடியாது. சூரியனும் நிறவில்லும் ஒரே பக்கத்தில் அருகருகே தெரிந்தால் அது பனிப்பளிங்கு வளையமாகவோ, வில்லைக்குள் ஒளி தெறித்து உண்டாகும் போலி உருவமான வில்லைத் தெறிப்பாகவோ இருக்கலாம், வானவில்லாக இருக்காது.

மூன்றாம் படி: ஒளிப்பொட்டுகளைச் சோதித்தல்

துறைமுகத்தையும் சீனக்குடாவையும் இரவில் படமெடுப்பவர்களுக்கு வானத்தில் மிதக்கும் பச்சைப் புள்ளிகள் பழக்கமானவை. மிகவும் பிரகாசமான விளக்கின் ஒளி உணரியிலிருந்து தெறித்து, வில்லைத் தொகுதியின் கண்ணாடிப் பரப்பில் பட்டு மீண்டும் உணரியில் விழுவதால் இவை உண்டாகின்றன. கைபேசிகளில் இந்தப் போலி உருவம் பெரும்பாலும் சட்டக மையத்துக்கு மறுபுறம், விளக்கு இருக்கும் அதே தொலைவில், தலைகீழாகத் தோன்றும்.

சோதனை முறை இதுதான். மூலப் படத்தின் எதிர்மூலைகளை இரு கோடுகளால் இணைத்து மையத்தைக் குறிக்க வேண்டும். பின்னர் ஐயத்துக்குரிய புள்ளியிலிருந்து மையத்தினூடாக ஒரு கோட்டை வரைந்து அதே அளவு தூரம் நீட்ட வேண்டும். கோடு ஒரு விளக்கிலோ நிலவிலோ சென்று முடிந்தால் அந்தப் புள்ளி தெறிப்பு எனக் கொள்ளலாம். வரிசையாக நிற்கும் ஐந்து விளக்குகளுக்கு ஐந்து புள்ளிகள் தலைகீழ் வரிசையில் கிடைத்தால் ஐயமே எஞ்சாது. காணொளியில் இன்னும் எளிது: கமரா திரும்பும்போது விளக்கு நகரும் திசைக்கு எதிர்த்திசையில் புள்ளி நகரும்.

பகலில் சூரியனைச் சுற்றிய வளையம் உண்மையா என்று அறிய, ஒரு மின்கம்பத்தின் பின்னால் சூரியன் மறையும்படி நின்று பார்க்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பனிப்பளிங்கு வளையம் அப்போதும் நிலைத்திருக்கும். வில்லையின் தெறிப்பு மறைந்துவிடும்.

சாளரக் கண்ணாடியூடாக எடுத்த படங்களை நான் தொடக்கத்திலேயே குறைந்த மதிப்புடையவையாகக் கருதுகிறேன். அறையின் விளக்கு, கைபேசித் திரை, எடுத்தவரின் சட்டை ஆகிய அனைத்தும் முகிலின் மேல் படிந்து “வானத்தில் தோன்றிய உருவம்” ஆகின்றன.

கடற்கரைக்கே உரிய இன்னொரு சிக்கல் உப்பு. வாடைக்காற்று வீசும் நாட்களில் கடற்சாரல் வில்லையின் மேல் மெல்லிய படலமாகப் படியும். அதனால் நிலவைச் சுற்றி ஒளிமூட்டம் தோன்றி, மெல்லிய முகில் உண்டாக்கும் உண்மையான நிற வளையத்தை ஒத்திருக்கும். அதே படத்திலுள்ள தெருவிளக்குகளைப் பார்த்தால் போதும். அவற்றையும் அதே அளவில் மூட்டம் சூழ்ந்திருந்தால் துடைக்க வேண்டியது வில்லையை.

நான்காம் படி: மின்னலை ஆராய்தல்

அதிகமாகத் தவறு நேர்வது மின்னற் படங்களில்தான். காரணத்தை விளங்கிக்கொள்ள மின்னலின் நேர அளவுகளை அறிந்திருக்க வேண்டும். நிலத்தைத் தாக்கும் ஒரு மின்னல் பெரும்பாலும் ஒரே வீச்சன்று. ஒரே தடத்தில் மூன்று நான்கு வீச்சுகள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு வீச்சின் உச்ச ஒளியும் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவான நேரமே நிற்கும். வீச்சுகளுக்கிடையே ஏறத்தாழ 50 மில்லிசெக்கன் இடைவெளி இருக்கும். கண்ணுக்கு மின்னல் துடிப்பதுபோல் தெரிவது இதனால்தான்.

கைபேசியின் உணரியோ முழுப் படத்தையும் ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. முழுச் சட்டகத்துக்கும் பத்து முதல் முப்பது மில்லிசெக்கன் வரை ஆகும். வாசிப்பின் நடுவே மின்னல் வெட்டினால், காணொளியின் ஒரு சட்டகத்தில் கீழ்ப்பகுதி மட்டும் பகல்போல் வெளுத்து, மேற்பகுதி இருளாகவே இருக்கும். இடையே அளவுகோலால் கீறியதுபோல் நேரான எல்லை தெரியும். “வானம் இரண்டாகப் பிளந்தது” என்று பரவும் படங்களுட் பல இத்தகைய சட்டகங்களே. அடுத்த சட்டகத்தை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மேற்பகுதி வெளுத்துக் கீழ்ப்பகுதி இருண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் முழு மின்னல் கிடைக்கும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்திருந்தால் இந்த எல்லை கிடையாக அமையாமல் நிலைக்குத்தாக அமையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முகிலுக்கு அளவுகோல் விளிம்பு கிடையாது.

அடுத்தது இரட்டை மின்னல். ஒரே வடிவமுள்ள இரு கோடுகள் அருகருகே தெரிந்தால் நான்கு விளக்கங்கள் சாத்தியம். இரட்டைக் கண்ணாடிச் சாளரத்தில் தெறிப்பு ஏற்பட்டிருக்கலாம். திறப்பு நேரத்தில் கை அசைந்திருக்கலாம். இரவுநிலையில் கைபேசி பல சட்டகங்களை அடுக்கும்போது அவை பிசகிப் பொருந்தியிருக்கலாம். அல்லது உண்மையான நாடா மின்னலாக இருக்கலாம். கடைசியானதில், வீச்சுகளுக்கிடையே காற்று மின்னல் தடத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. எவ்வளவு நகர்த்தும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். செக்கனுக்கு 15 மீற்றர் வேகமுள்ள பலத்த காற்று 50 மில்லிசெக்கனில் தடத்தை முக்கால் மீற்றர் நகர்த்தும். ஐந்து வீச்சுகள் விழுந்தால் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே மூன்று மீற்றர் வரும். ஒரு கிலோமீற்றர் தொலைவில் அது 0.2 பாகைக்கும் சற்றுக் குறைவு. கைபேசிப் படத்தில் பத்துப் படப்புள்ளிகள் அளவு. நகரக் கரையிலிருந்து மூதூருக்கு அப்பால் விழும் மின்னலுக்குத் தொலைவு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் என்பதால், அதே நகர்வு ஒரு படப்புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். எனவே குடாவுக்கு அப்பாலுள்ள மின்னல் விரல் அகல இடைவெளியில் இரட்டித்துத் தெரிந்தால் அதைக் காற்று செய்யவில்லை. விளக்குகளும் அதே திசையில் அதே அளவு இரட்டித்திருந்தால் கை அசைந்திருக்கிறது. விளக்குகள் கூர்மையாக இருந்து மின்னல் மட்டும் பிசகியிருந்தால் அடுக்கிய மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

கிளைகள் விரியும் திசையும் பேசும். முகிலிலிருந்து இறங்கும் மின்னலின் கிளைகள் கீழ்நோக்கி விரியும். உயர்ந்த கோபுரத்திலிருந்து மேலெழும் மின்னலின் கிளைகள் மேல்நோக்கி விரியும். இரண்டும் உண்மையானவை. கிளையே இல்லாமல், ஒரே தடிப்பில், நெளிநெளியாக ஓடும் ஒளிக்கோடு பெரும்பாலும் கை அசைவில் இழுபட்ட தெருவிளக்கு. சட்டகத்திலுள்ள மற்ற விளக்குகளும் அதே நெளிவை வரைந்திருக்கும்.

பந்து மின்னல் என்று வரும் படங்களில் தெறிப்பு, பூச்சி, மின்கம்பியில் எழும் தீப்பொறி ஆகிய மூன்றையும் நீக்கிய பின்னும் எஞ்சுவது மிக அரிது. மின்கம்பிப் பொறி நீலப்பச்சையாக, தொடுவானத்துக்கு அருகில், சில செக்கன்கள் தொடர்ந்து ஒளிரும். அதைத் தொடர்ந்து அந்தப் பகுதியில் மின்சாரம் தடைப்பட்டிருந்தால் விடை கிடைத்துவிடும்.

மறுபக்கத்தில், நம்பமுடியாததாகத் தோன்றினும் உண்மையான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய இடிமுகில்களுக்கு மேல், 50 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், ஸ்பிரைட் (sprite) எனப்படும் சிவந்த ஒளிக்கீற்றுகள் சில மில்லிசெக்கன்கள் தோன்றி மறைகின்றன. 1989இல் முதன்முதலாகப் படத்தில் பதிவாகும் வரை இவற்றைக் கண்டதாகச் சொன்னவர்களை அறிவியலாளர் பலர் நம்பவில்லை. வங்கக் கடலில் 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இடிமுகிலுக்கு மேல் இப்படியொன்று நிகழ்ந்தால், அது நிலாவெளியிலிருந்து தொடுவானத்துக்கு மேல் சுமார் 12 பாகை உயரத்தில் தெரியும். உண்மையானதாயின் நிலைக்குத்தாக நிற்கும், சில மில்லிசெக்கன்களுக்கு முன் கீழேயுள்ள முகில் மின்னியிருக்கும், தெறிப்புச் சோதனையில் எந்த விளக்கோடும் இணையாது. தலைக்கு நேர் மேலே தெரியும் சிவப்புக் கீற்றுக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

ஐந்தாம் படி: முகிலின் வடிவங்கள்

இடிமழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்றின் விளிம்பில், தட்டுத்தட்டாக அடுக்கிய நீண்ட முகில் உருவாகும். இது உண்மையான, கவனத்துக்குரிய அடையாளம். அது தலைக்கு மேல் வருவதற்குச் சற்று முன்னோ பின்னோ பலத்த காற்று அடிக்கும். ஆனால் படத்தில் அது வளைந்து பாதி வானத்தைத் தழுவுவதுபோல் தெரிவது பெரும்பாலும் அகலவில்லையின் வேலை. கமராவைத் திருப்பியபடி நீளமாக எடுக்கும் அகன்றபடக் காட்சிநிலையோ நேரான விளிம்பையும் வில்லாக்கிவிடும். வளைவை மதிப்பிடுவதற்கு முன் தொடுவானத்தையும் கடற்கரைக் கோட்டையும் பார்க்க வேண்டும். நேராக இருக்க வேண்டிய கடல்விளிம்பு வளைந்திருந்தால் முகிலின் வளைவையும் நம்பக்கூடாது. மூலைகள் நான்கும் ஒரேயளவில் கறுத்திருந்தால் அது வில்லையின் குறை. முகிலின் கருமை நான்கு மூலைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை.

நீர்ச்சுழல் பற்றிய படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கடலையும் முகிலையும் இணைக்கும் உண்மையான சுழல்தூணுக்குச் சில அடையாளங்கள் உண்டு. அது தட்டையான முகிலடியிலிருந்து இறங்கும்; ஓரங்கள் மழுமழுப்பாகவும் நடு சற்று வெளிறியும், உள்ளீடற்ற குழாய்போல் இருக்கும்; கீழே கடல்நீர் வளையமாகச் சிதறும்; தூண் முழுதாகத் தெரியாவிட்டாலும் அந்தச் சிதறல் தெரியும். பெரும்பாலானவை இருபது நிமிடங்களுக்குள் மெலிந்து, சாய்ந்து, அறுந்துவிடும். தொலைவில் பெய்யும் மழைத்தாரை அகலமாகவும் ஓரம் கரைந்தும் இருக்கும், காணொளியில் சுழலாது. முகிலடியில் தொங்கும் கந்தல் முகில்கள் கூம்புபோல் தெரிந்தாலும் ஒரு நிமிடம் பார்த்தால் உருக்குலைந்து வேறொன்றாகிவிடும். நிலத்தை எட்டாமல் காற்றிலேயே வற்றிப்போகும் மழையின் கீற்றுகளும் இதே ஏமாற்றத்தைத் தருகின்றன. வில்லையில் ஒட்டிய மழைத்துளி அதன் பின்னுள்ள காட்சியை வளைத்துக் கருந்தூணாக்கும். அதே தூண் அடுத்த படத்திலும் சட்டகத்தின் அதே இடத்தில், வேறொரு கடற்பரப்பின் மேல் நிற்கும்.

முகிலின் கறுத்த விளிம்பை ஒட்டி ஓடும் வெண்கோடு பெரும்பாலும் கைபேசி தானாகச் செய்யும் கூர்மையாக்கலின் விளைவு. தென்னையோலை, மின்கம்பி, கோபுரம் ஆகியவற்றையும் அதே கோடு சூழ்ந்திருந்தால் ஐயமில்லை. பச்சை வானம், ஊதா மின்னல் பற்றிய வாதங்களில் நான் நேரத்தைச் செலவிடுவதில்லை. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் வெண்மைச் சமநிலையைக் கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே மாற்றுவதால், நிறத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது.

“புயலின் கண்” என்ற தலைப்போடு வரும் வட்ட ஓட்டைகளும் உண்டு. புயலின் சுழற்சி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரந்தது; கரையில் நிற்பவரின் ஒரு சட்டகத்தில் அதன் சுருள் அடங்காது. நடுமட்ட அல்லது உயர்மட்ட முகிற் படலத்தில் விமானம் கடந்தபின் நீர்த்துளிகள் பனியாக உறைந்து விழுவதால் உண்டாகும் வட்டத் துளை உண்மையான நிகழ்வுதான். 2017ஆம் ஆண்டின் சர்வதேச முகில் ஏட்டில் அதற்கு இடமும் கிடைத்தது. புயலோடு அதற்குத் தொடர்பில்லை.

ஆறாம் படி: துளி, பூச்சி, தூசி, மென்பொருள்

பிளாஷ் எரிந்திருந்தால் அருகிலுள்ள மழைத்துளிகள் வெளிர் வட்டங்களாகும். இது ஆவியுமன்று, ஆலங்கட்டியுமன்று. கண்காணிப்புக் கமராவின் அகச்சிவப்பு விளக்கில் சிலந்தி நூலும் ஈசலும் பறக்கும் ஒளிக்கம்பிகளாகும். நீண்ட திறப்பு நேரத்தில் தோன்றும் தனித்த சிவப்பு, நீலப் புள்ளிகள் உணரியின் குறைப்புள்ளிகள். வில்லையை மூடி அதே நேர அளவில் ஒரு படம் எடுத்தால் அவை அதே இடங்களில் மீண்டும் தோன்றும்.

அண்மைக்காலக் கைபேசிகள் இலக்க உருப்பெருக்கத்தில் இல்லாத இழைகளை ஊகித்து வரைகின்றன. வானத்தை முழுதாகவே மாற்றித்தரும் வசதியும் பல செயலிகளில் உண்டு. அத்தகைய படத்தில் முதலில் காட்டிக்கொடுப்பது நீர்ப்பரப்பு. மேலே ஊதா மின்னல் வெடிக்கும்போது, கீழே உட்துறைமுகத்தின் அமைதியான நீர் அந்த ஒளியைச் சிறிதும் காட்டாமல் இருந்தால், அந்த மின்னல் அங்கே விழவில்லை.

ஏழாம் படி: வெளிச்சான்றோடு ஒப்பிடுதல்

படத்தின் நேரமும் திசையும் தெரிந்தபின், அந்தத் திசையில் அப்போது இடிமுகில் இருந்ததா என்று செய்மதிப் படத்தில் பார்க்கலாம். ஜப்பானின் ஹிமாவாரி செய்மதி பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை முழு வட்டப் படம் தருகிறது. இலங்கை அதன் மேற்கு ஓரத்துக்கு அண்மையில் சாய்ந்து தெரிவதால், இந்தியாவின் இன்சாட் வரிசைப் படங்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கைகளும் மின்னலின் இடத்தைக் காட்டும் இணைய வரைபடங்களும் துணைசெய்யும்.

இவை எல்லாவற்றிலும் வலுவான சான்று வேறோர் இடத்திலிருந்து வேறொருவர் எடுத்த படம். நிலாவெளிக்கும் மூதூருக்கும் இடையே நேர்க்கோட்டில் இருபது கிலோமீற்றருக்கு மேல் உண்டு. இரு இடங்களிலும் ஒரே நேரத்தில் எடுத்த படங்களில் ஒரே தூண் தெரிந்தால், இரு திசைக்கோடுகளையும் வரைபடத்தில் நீட்டினால் அவை வெட்டும் புள்ளியே தூண் நின்ற இடம். கோடுகள் வெட்டாவிட்டால் இருவரும் பார்த்தது ஒன்றன்று.

முடிவை எழுதும்போது “உண்மை”, “பொய்” என்ற இரண்டோடு நிறுத்தக்கூடாது. வானத்தில் நிகழ்ந்தது, வானத்தில் நிகழ்ந்திருக்கலாம், கமராவில் பிறந்தது, இந்தக் கோப்பைக் கொண்டு தீர்மானிக்க முடியாது என நான்காகப் பிரிப்பதே நேர்மையானது. மூலக் கோப்பு கிடைக்காத படங்களில் ஒரு பெரும் பகுதி கடைசி வகைக்கே போய்ச்சேரும். அதனால் அனுப்பியவர் மனம் கோணக்கூடும்; ஆனால் எடுத்தவர் பொய் சொல்கிறார் என்று அதற்குப் பொருளில்லை என்பதையும் கூடவே எழுதிவிட வேண்டும்.

நீங்களே படமெடுக்கும்போது

பிறர் சரிபார்க்கக்கூடிய படத்தை எடுப்பது கடினமன்று. வில்லையைத் துடைத்துக்கொள்ளுங்கள், கைபேசியைச் சுவரிலோ படகு விளிம்பிலோ சாய்த்து நிறுத்துங்கள், சாதாரண வில்லையில், பிளாஷ் இல்லாமல், அடையாளம் காணத்தக்க ஏதேனும் ஒரு கரையோ பாறையோ உள்ளடங்கும்படி எடுங்கள். உடனே கமராவைச் சற்றுத் திருப்பி இரண்டாவது படத்தையும், பின்னர் அரை நிமிடக் காணொளியையும் எடுங்கள். காணொளியில் இடம், நேரம், பார்க்கும் திசை மூன்றையும் வாயால் சொல்லிவைத்தால், பின்னர் விபரங்கள் அழிந்தாலும் குரல் எஞ்சும். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீற்றரில் கிடைக்கும், அதையும் சொல்லிவிடுங்கள். அந்தச் செக்கன் எண்ணிக்கை முப்பதுக்குள் வந்தால் கடற்கரையையும் கோட்டை மேட்டையும் விட்டுக் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். மீதிப் படங்களை உள்ளிருந்து, சாளரத்தைத் தொடாமல் எடுக்கலாம். கண்ணாடியூடாக எடுத்தது என்று அவற்றின் கீழே குறித்துவிடுங்கள்.